வெளி மாநிலத்தில் படிக்க எவ்வளவு ஆகும், எப்போது ஆகும்

எங்கள் பக்கம், குடியாத்தம் பேர்ணாம்பட்டு ஆம்பூர் வட்டாரத்தில், பொண்ணு வெளி மாநிலத்தில் படிக்கிறாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி "டொனேஷன் எவ்ளோ கட்டினீங்க?" என்றுதான் வரும். கேட்கிறவர்கள் மேல் தப்பே இல்லை. அவர்கள் பார்த்த வெளி மாநிலப் படிப்பு எல்லாம் பெங்களூரில் நர்சிங், ஆந்திராவில் ஏதோ ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, நடுவில் ஒரு ஏஜென்ட், அவருக்கு ஒரு கமிஷன், இரண்டாம் வருஷம் நிலத்தை விற்றது, இப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் வெளி மாநிலம் என்றாலே நம்ம மாதிரி வீட்டுக்கு ஆகாது என்று பிளஸ் டூ முடிப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். நல்ல மார்க் எடுக்கிற பிள்ளைகள் வீட்டிலும் இதேதான் நடக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் தங்கச்சி 2024-ல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்எஸ்சி, கணிதம். 1974-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் அது, கச்சிபௌலியில் இருக்கிறது. சியூஇடி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், டொனேஷன் என்ற பேச்சுக்கே அங்கே வேலை இல்லை. அப்பா குடியாத்தத்தில் லுங்கி தறி ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். நான் கல்யாணமாகி காட்பாடியில் இருக்கிறேன், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். படிப்பு சம்பந்தமான காகிதம் எல்லாம் வீட்டில் என் தலையில்தான் விழும், விழுந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவிலிருந்தும் என் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்தும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் தனியார் கல்லூரி ஒரு செமஸ்டருக்குக் கேட்பதைவிட அங்கே ஒரு வருஷத்துக்குக் குறைவாகத்தான் கட்டுகிறோம். வீட்டை ஆட்டிப் பார்ப்பது மொத்தத் தொகை இல்லை, அந்தத் தொகை கேட்கப்படும் நாள். அப்பாவுக்கு வாரக்கூலி, சனிக்கிழமை கையில் வரும். அம்மாவுக்கு சுற்றிக் கொடுத்த பீடிக்குக் கூலி. வருஷம் முழுக்க சில்லறையாக வருகிற வருமானத்திலிருந்து ஆகஸ்ட்டில் ஒரே நாளில் இவ்வளவு, ஜனவரியில் ஒரே நாளில் இவ்வளவு என்று எடுத்து வைக்கச் சொன்னால் எங்கே போவது? வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று கேட்டபோது அம்மா பயப்படவில்லை, "அத எப்போ குடுக்கணும், அத சொல்லு" என்றுதான் கேட்டார். சரியான கேள்வி அதுதான்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு முன்னே பின்னே இருக்கும். சேரும் மாதத்தில் மட்டும் 35,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. அதில் சேர்க்கைக் கட்டணமும் ஹாஸ்டலும் மெஸ் முன்பணமும் சேர்த்தே பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். மீதி எல்லாம் யாரும் எந்தப் பட்டியலிலும் போடாதது. மெத்தை, வாளி, பூட்டு, சான்றிதழ் நகல்கள், அவளைக் கொண்டுபோய் விட அப்பாவும் நானும் போய்வந்த டிக்கெட், அங்கே தங்கிய லாட்ஜ். அதற்கப்புறம் மெஸ் மாதம் 3,000-க்கும் 4,000-க்கும் நடுவில். கைச்செலவு 1,500. இரண்டாம் செமஸ்டர் கட்டணம், ஊருக்கு வந்துபோகிற டிக்கெட், எல்லாம் கூட்டினால் முதல் வருஷம் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. இது போக ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம், முதல் செமஸ்டரில் இல்லை, இரண்டாவதில். கணிதம் படிக்கிற பிள்ளைக்கு முதல் மாதமே லேப்டாப் இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடாது, கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. சேரும் மாதத்திலேயே எல்லாவற்றையும் புதிதாக வாங்கி அனுப்ப வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். அந்த ஒரு மாதம்தான் இருப்பதிலேயே இறுக்கமான மாதம்.

அது ஏன் அவ்வளவு இறுக்கம் என்றால், தேதிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. நம் மாநிலத்தில் கலை அறிவியல் கல்லூரிகளில் மே, ஜூனிலேயே சேர்க்கை முடிந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் வகுப்பும் ஆரம்பித்துவிடுவார்கள். 2024-ல் சியூஇடி முடிவு வந்ததே ஜூலை 28-ஆம் தேதி. அதுவரை எந்த வீட்டில் பெண்ணைச் சும்மா உட்கார வைத்திருப்பார்கள்? நாங்களும் ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டி இடம் போட்டு வைத்தோம். ஹைதராபாத்தில் இடம் வந்ததும் இங்கே ரத்து செய்யப் போனால், கட்டிய பணம் திரும்ப வராது, டிசியும் மார்க் ஷீட்டும் வேண்டுமானால் மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்பா அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு வருஷமும் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிச் சுற்றறிக்கை விடுகிறது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரைக்கும் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பத் தர வேண்டும், அதற்கப்புறம் அக்டோபர் 31 வரைக்கும் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் யுஜிசி விதிதான். அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து, கூடவே ஒரு கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் போட்டுத் தரச் சொன்னேன். சத்தம் போடவில்லை. சான்றிதழ்கள் அந்த வாரமே வந்துவிட்டன. பணம் மட்டும் செப்டம்பர் கடைசியில்தான் வந்தது, முழுதாக. ஆனால் ஹைதராபாத்தில் கட்ட வேண்டியது ஆகஸ்ட்டில். இங்கே கொடுத்த பணம் இன்னும் வராத நேரத்தில் அங்கே புதுப் பணம் வேண்டும். எந்த உதவித்தொகையும் அந்த மாதத்தில் வராது, எந்தக் கல்விக் கடனும் அந்த வேகத்தில் கைக்கு வராது. என் நெக்லஸ் ஒன்றை வங்கியில் வைத்து நகைக்கடன் வாங்கினோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அதனால் பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு 40,000 ரூபாயை நினைத்த நேரத்தில் எடுக்கிற மாதிரி சேர்க்க முடியுமா என்று பாருங்கள். ஏலச்சீட்டு போடுகிறவர்கள் ஆகஸ்ட்டில் எடுக்கிற மாதிரி போடலாம். மகளிர் குழுவில் இருக்கிற அம்மாக்கள் அந்த வருஷம் வேறு எதற்கும் குழுக் கடன் வாங்காமல் வைத்திருக்கலாம். ஆனால் பணத்தை வைக்கிற இடம் முக்கியம். அதிக மாத வட்டி தருகிறோம் என்று சொன்ன நிதி நிறுவனங்கள் 2022-ல் நம் மாவட்டத்தில் என்ன பாடுபடுத்தின என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் அப்படித்தான் போனது, அந்தப் பையன் இப்போது ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குப் போகிறான். மார்க் நன்றாக எடுத்த பையன். வட்டி குறைவாக இருந்தாலும் மாதாமாதம் கட்டுகிற தபால் நிலைய ஆர்டி போதும், படிப்புக்கான பணத்தை வைத்து யாரும் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன், பணத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் சாதிச் சான்றிதழ் பிசி, எம்பிசி என்று தமிழ்நாடு அரசு தருவது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது, ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர்) என்று மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்பதும் இல்லை, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். ஈ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், 60 ரூபாய், ஆனால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று நகர்ந்து வர நாள் பிடிக்கும். சேர்க்கை நடக்கிற நிதியாண்டில் வாங்கியதாகக் கேட்பார்கள், அதனால் ஏப்ரல் 1-க்கு அப்புறம் விண்ணப்பியுங்கள், ஆனால் ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். ஜூலையில் ஈ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். கிரீமிலேயருக்கு 8 லட்சம் என்ற வரம்பைக் கேட்டுவிட்டுச் சிலர் பயப்படுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. கூலி வேலை, சின்ன வேலை பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பிரச்சினையே ஆகாது.

உதவித்தொகையில் தெரியாமலே போகிற ஒன்று இருக்கிறது, நான் கேட்ட வரைக்கும் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தமிழ்நாட்டு பிசி, எம்பிசி, சீர்மரபினர் பிள்ளைகள் ஐஐடி, ஐஐஎம், ஐஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் படித்தால், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசே வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரைக்கும் உதவித்தொகை தருகிறது. நம் எல்லையைத் தாண்டிப் போன பிள்ளைக்கும் நம் அரசு தருகிற பணம் இது. கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மற்ற கட்டாயக் கட்டணங்கள் இதில் வரும். விண்ணப்பத்தை நிரப்பி, பல்கலைக்கழகத்தின் கையெழுத்தும் சீலும் வாங்கி, சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் அறிவிப்பாக நாளிதழில் சின்னதாக வரும், கண்ணில் படாமலே போய்விடும். சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்திலேயே பிற்படுத்தப்பட்டோர் நலப் பிரிவில் விசாரிக்கலாம்.

ஆனால் 2 லட்சம் என்பது உச்ச வரம்பு. எல்லாருக்கும் 2 லட்சம் வரும் என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள். கட்டியதற்கு ரசீது எவ்வளவோ அதை ஒட்டித்தான் வரும், அதுவும் கட்டி முடித்த பிறகு, பல மாதம் கழித்து. என் தங்கச்சியிடம் முதல் நாளே ஒரு ஃபைல் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு ரசீதையும் அதில் போடு, போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு என்றேன். இன்று வரைக்கும் செய்கிறாள்.

இன்னொரு வழி மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. பிளஸ் டூவில் தன் போர்டில் 80-ஆவது பெர்சென்டைலுக்கு மேல் (நூறு பேரில் எண்பது பேரைவிட அதிக மார்க்), குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். முதல் மூன்று வருஷம் வருஷத்துக்கு 12,000, ஒருங்கிணைந்த படிப்பாக இருந்தால் நாலாவது ஐந்தாவது வருஷம் 20,000. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம், பணம் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும், எனவே பிள்ளையின் பெயரில் இருக்கும் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறையின் கல்வி உதவி தனியாக உண்டு, பட்டப் படிப்புக்கு வருஷத்துக்கு 6,000. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறது. குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் எத்தனையோ அம்மாக்களிடம் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று பீரோவில் தூங்குகிறது. எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில் பணம் வரும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது, வேறு உதவித்தொகை வாங்கினால் இது கிடையாது என்று விதி இருக்கிறது. அதனால் கூட்டிப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். எங்கள் ரசீதுகளைக் கூட்டினால் 12,000-ஐத் தாண்டியது, அதனால் மாநில அரசின் திட்டத்துக்கே போனோம். உங்கள் பிள்ளை சேரும் இடத்தில் கட்டணம் ரொம்பக் குறைவாக இருந்தால் நேர்மாறாகவும் இருக்கலாம். எஸ்சி பிள்ளைகளுக்கு பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, வருமான வரம்பு 2.5 லட்சம். பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்திலிருந்துதான் அது வர வேண்டும். ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். படிக்கிற மாநிலத்தில் போய்க் கேட்டு அங்கே இல்லை என்று சொன்னதும் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது வங்கி. எங்கள் ஊர்க் கிளை ஒன்றில், இன்ஜினியரிங், மெடிக்கலுக்குத்தான் கல்விக் கடன், சும்மா கணக்குப் படிப்புக்கு எல்லாம் கிடையாது என்று உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முறையான பட்டப் படிப்பு எதுவாக இருந்தாலும் கடன் கேட்கலாம். 4 லட்சம் வரைக்கும் நம் கையிலிருந்து பங்குத் தொகை போட வேண்டியதில்லை, சொத்து ஈடும் கேட்கக் கூடாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியும், வாய் வார்த்தையாக இல்லை என்று சொல்லி அனுப்ப முடியாது. வருஷா வருஷம் ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமுக்கும் போகலாம், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுதியும் கொடுக்கலாம். எங்களுக்கு வேறு ஒரு வங்கியில் ஒன்றரை லட்சத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மொத்தத்தையும் ஒரேயடியாக எடுக்காமல் செமஸ்டருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் எடுக்கிறோம், எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி.

நாங்கள் வாங்கினதற்கு அப்புறம், 2024 நவம்பரில், பிஎம் வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள் இதில் வருகின்றன. ஈடும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம், ஆனால் வருஷத்துக்கு இத்தனை பேருக்கு என்று எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளாக இருந்தால் அந்தக் காலத்து வட்டி முழுதையும் அரசே ஏற்கும். இந்த வருஷம் சேர்கிறவர்கள் இதில் போங்கள், எங்களை மாதிரி கிளை கிளையாக அலைய வேண்டாம்.

கடன் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை வைத்து வட்டியையும் மறந்துவிடுகிறார்கள். ஐந்து வருஷப் படிப்பு, ஒரு வருஷம் அவகாசம், ஆறு வருஷத்து வட்டி சேர்ந்து அசலோடு நிற்கும். எங்களுக்கு மாத வட்டி சில நூறு ரூபாய்தான், அதை நான் அவ்வப்போது கட்டிவிடுகிறேன். படிக்கும்போதே வட்டி கட்டினால் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் குறைக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். இருபத்து மூன்று வயதில் வேலை தேடுகிற பெண் தலையில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதைப் பெரியவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும். முழுச் செலவையும் கடனில் போடாதீர்கள். மெஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் மட்டும் கடன், மற்றது கையிலிருந்து, இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

போக்குவரத்துச் செலவு நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. காட்பாடியில் சபரி எக்ஸ்பிரஸ் ஏறினால் செகந்திராபாத். இல்லாவிட்டால் இங்கிருந்து திருப்பதி போய் நாராயணாத்ரி எக்ஸ்பிரஸ், அது லிங்கம்பள்ளி வரைக்கும் போகும், அங்கிருந்து கேம்பஸ் பக்கம்தான். ஸ்லீப்பரில் போக வர 1,000 ரூபாய் சொச்சம். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பொங்கலுக்கும் தசராவுக்கும் திறந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் சங்கராந்திக்கு அந்த ஊரே கிளம்பும். தத்கலில் போனால் கணக்கு கெட்டுவிடும். பொண்ணைத் தனியாக ரயிலில் அனுப்புவதா என்று அப்பாவுக்கு இருந்த பயம், அங்கே படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தே டிக்கெட் போட்டு வருவதைப் பார்த்ததும் குறைந்தது. முழுதாகப் போகவில்லை, ரயில் ஏறியதும் இறங்கியதும் போன் வர வேண்டும்.

அப்படியென்றால் எல்லாரும் போகலாமா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் படித்தது குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியில். வீட்டுச் சாப்பாடு, பேருக்குத்தான் கட்டணம், இன்றைக்கு அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வருகிறது. பிள்ளை விரும்புகிற படிப்பு இங்கேயே நன்றாகக் கிடைக்கிறது என்றால், வெளியூர்ப் பெருமைக்காக வருஷத்துக்கு ஒரு லட்சம் செலவு செய்வது சரியில்லை. என் தங்கச்சிக்கு ஆராய்ச்சிக்குப் போகிற அளவுக்குக் கணக்கில் பிடிப்பு இருக்கிறது, அவளுடைய டீச்சரும் அதைச் சொன்னார், நானும் கணக்கு டீச்சர் என்பதால் எனக்கும் தெரிந்தது. அந்தப் படிப்பை அந்த ஆழத்தில் சொல்லிக்கொடுக்கிற இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அனுப்பினோம். வீட்டில் நோயாளி இருக்கிறார், மாத மருந்துச் செலவு கழுத்தை நெரிக்கிறது, அவசரத்துக்குக் கைகொடுக்க ஒரு ஆள்கூட இல்லை என்கிற நிலைமையில் இருக்கிற வீடுகளுக்கு நான் வேறு மாதிரிதான் சொல்வேன். பட்டம் இங்கே படிக்கட்டும், எம்எஸ்சிக்கு அங்கே போகட்டும். இரண்டு வருஷச் செலவு ஐந்து வருஷச் செலவில் பாதிகூட இல்லை.

ஏஜென்ட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று எவர் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். தேர்வு மதிப்பெண், தரவரிசை, இணையத்தில் கலந்தாய்வு, இதைத் தவிர உள்ளே போக வழி கிடையாது. சியூஇடி தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் பாடம் ஆங்கிலத்தில்தான், முதல் செமஸ்டர் என் தங்கச்சியும் திணறினாள், போனில் அழுதாள். இரண்டாவது செமஸ்டரில் அவளே மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அவள் ரூம்மேட் சொன்னாள்.

இப்போது இரண்டாம் வருஷம். நகையை மீட்டுவிட்டோம், மாநில அரசின் உதவித்தொகை வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம். ஆகஸ்ட், ஜனவரி இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி அம்மா குழுவில் ஒரு சேமிப்பும் நான் தபால் நிலையத்தில் ஒரு ஆர்டியும் போட்டிருக்கிறோம். மூன்றாம் வருஷம் முடிவில் பட்டத்தோடு வெளியே வருகிற வழி உண்டா, நாலாவது ஐந்தாவது வருஷத்துக்கு எந்த உதவித்தொகை லாபம், இதெல்லாம் 2027-க்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை. அதற்கான காகிதங்களை இந்தப் பொங்கல் லீவில் அவள் வரும்போது உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் யாருக்காவது அந்த எழிலகம் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று பார்க்க வேண்டுமானால் கேளுங்கள், எங்களுடையதன் நகலை வைத்துக்கொண்டு சொல்லித் தருகிறேன்.